முதல் பதினாறு எழுத்துகள்

1

இன்று எனக்குப் பிறந்த நாள் இல்லை. ஆனாலும் அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள்.

ஒவ்வொரு ஜூன் முதல் தேதியும் இந்தக் கூத்து நடக்கிறது. நானும் வருடம் தவறாமல் மெழுகுவர்த்தியை ஊதிவிட்டுப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். கொடைக்கானல் மேல்மலையில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் எல்லோருக்கும் இதே தேதிதான் பிறந்த நாள். அம்மா என்னைச் சேர்க்கப் போனபோது, பிள்ளை எப்போது பிறந்தது என்று தலைமையாசிரியர் கேட்டாராம். "பூண்டு நட்டுக்கிட்டு இருந்தோம் சார்" என்று அம்மா சொன்னாள். அவர் ஜூன் ஒன்று என்று எழுதினார். அடுத்து நின்றவர், "பூண்டு பிடுங்கிக்கிட்டு இருந்தோம் சார்" என்றார். அவருடைய மகனுக்கும் ஜூன் ஒன்று. பள்ளி திறக்கும் நாளில் வயது சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கவலை. மனிதர் நல்லவர், எங்கள் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை.

அந்தத் தேதியைத் தூக்கிக்கொண்டு நாங்கள் ஊரைத் தாண்டிப் போவோம் என்று அவர் கனவா கண்டார்? கேக்கை வாயில் வைத்தபோது அவர் ஞாபகம் வந்தது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சந்தோஷமான குறிப்புகளை எதிர்பார்ப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் இருக்கும் இந்த வெளிநாட்டில் பனி விழுவதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

2

என்ன வேலை பார்க்கிறாய் என்று ஊரில் கேட்டால், "கம்ப்யூட்டர்" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். இந்த முறை கொஞ்சம் விளக்கமாகச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் நடந்தது புரியாது.

நான் வேலை செய்யும் கம்பெனி பயணச்சீட்டு இயந்திரங்களும் எடை பார்க்கும் இயந்திரங்களும் செய்கிறது. அவற்றுக்குள் இருப்பது ஒரு சின்னச் சில்லு. மெமரி கொஞ்சம்தான். அதனால் அவற்றுக்கு இன்னும் சி மொழியில்தான் எழுதுகிறோம். அதில் என் பங்கு ஸ்ட்ரிங் ஃபங்ஷன்கள். ஒரு பெயரின் நீளத்தை எண்ணுவது, ஒரு பெயரை இன்னோர் இடத்துக்குப் பிரதி எடுப்பது, இரண்டு பெயர்களை ஒட்டுவது, இரண்டும் ஒன்றா என்று பார்ப்பது. வயது ஏற ஏற எல்லோரும் மேலாளர் ஆனார்கள். நான் இன்னும் எழுத்துகளைத்தான் மேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

சி மொழியில் ஒரு பெயர் என்பது வரிசையாக வைத்த எழுத்துகள், கடைசியில் ஒரு பூஜ்யம். பாத்தி முடிகிற இடத்தில் வரப்பு இருப்பது மாதிரி. தன் நீளம் என்ன என்று அந்தப் பெயருக்கே தெரியாது. பூஜ்யம் வரும்வரை ஒவ்வோர் எழுத்தாக நடந்து போய்த்தான் கண்டுபிடிக்க வேண்டும். பூஜ்யத்தை வைக்க மறந்தால் ஃபங்ஷன் நிற்காது, வரப்பில்லாத காட்டில் மாடு போவது மாதிரி பக்கத்துக்காரன் மெமரியில் போய் மேயும். அதனால் எழுத்துகளுக்கு எவ்வளவு இடமோ, அதற்கு மேல் ஓர் இடம் எப்போதும் பூஜ்யத்துக்காக விட வேண்டும். புதிதாக வருபவர்கள் எல்லோரும் அந்த ஓர் இடத்தை மறப்பார்கள். நானும் மறந்திருக்கிறேன்.

இதையெல்லாம் நான் முதலில் படித்தது கொடைக்கானல் நாயுடுபுரத்தில், ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த கம்ப்யூட்டர் சென்டரில். காலையில் விசைப்பலகையில் கை வைத்தால் ஜில்லென்று இருக்கும். கரண்ட் போனால் கீழே போய் பன் தின்றுவிட்டு வருவோம். நான் எழுதிய முதல் உருப்படியான ஃபங்ஷன் பெயரின் நீளத்தை எண்ணுவது. தம்பியின் பெயரைக் கொடுத்துப் பார்த்தேன், எங்கள் வீட்டில் நீளமான பெயர் அதுதான். குழந்தைவேலு. ஆங்கிலத்தில் பதினான்கு எழுத்து. அவன் வாரத்துக்கு ஒரு முறை உருளைக்கிழங்கு மூட்டைகளோடு லாரியில் டவுனுக்கு வருவான். அன்று அவனிடம் காட்டினேன்.

"இத எண்ணுறதுக்கு ஒரு மிசினா? கைவிரல் என்னாத்துக்கு இருக்கு?" என்றான்.

அவனுக்குப் படிப்பு ஏறவில்லை. ஏறவில்லையே என்ற வருத்தமும் அவனுக்கு இல்லை. பூண்டுக் காடு, ஒரு ஜீப், ஊர்க்கோயில் வேலை என்று நிம்மதியாகத்தான் இருந்தான். நான்தான் திண்டுக்கல் போய், சென்னை போய், கடைசியில் இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து சேர்ந்தேன். நாட்டின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது விளக்கம் கேட்பார்கள், அந்த விளக்கத்தைக் கொடுக்க முன்பதிவு செய்ய வேண்டும்.

3

எங்கள் ஊர்ச்சாமி குழந்தை வடிவில் இருக்கும் முருகன். அதனால் வீட்டுக்கு ஒரு குழந்தைவேலு நிச்சயம். பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் நாலைந்து பேர் இருப்பார்கள். ஊரில் யாருக்கும் இதில் குழப்பம் வந்ததே இல்லை. என் தம்பி மேட்டுக்காட்டு வேலு, அவனோடு படித்த இன்னொருவன் தகரவீட்டு வேலு, இன்னொருவன் சோடா வேலு. பெயரை வைத்து ஆளைத் தேடும் வழக்கமே அங்கே கிடையாது. வீடும் காடும்தான் ஆள்.

என் மகள் நிலா இங்கே பிறந்தவள். அவளுக்குக் காது குத்த மூன்று வயதில் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும். அவள் அலறி அடித்துக்கொண்டு என் தம்பியின் கையைக் கடித்துவிட்டாள். அவன் கையை எடுக்கவில்லை. "கடிக்கட்டும், என் மருமகதான" என்று சிரித்துக்கொண்டே இருந்தான்.

அதற்குப் பிறகு நாங்கள் ஊருக்குப் போனது குறைந்துகொண்டே வந்தது. அவள் தமிழும் குறைந்துகொண்டே வந்தது. முதலில் கேட்டுப் புரிந்துகொள்வாள், பதில் மட்டும் இந்த நாட்டு மொழியில் வரும். பிறகு புரிவதும் போய்விட்டது. இப்போது அவளுக்குத் தெரிந்த தமிழ் சாப்பாட்டின் பெயர்களும், "மாமா, நல்லா இருக்கியா?"வும்தான். மரியாதை விகுதி என்று ஒன்று இருப்பதையே அவள் மறந்துவிட்டாள். தம்பி அதற்கும் சிரிப்பான்.

போன வருடம் அவள் தன்னோடு வேலை பார்க்கும் இந்த ஊர்ப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். பையன் தங்கமானவன், குறை சொல்ல ஒன்றுமில்லை. கல்யாணம் சித்திரைக் கடைசியில், இங்கேயே ஒரு கோயில் மண்டபத்தில் என்று முடிவாயிற்று. தம்பியிடம் சொன்னபோது அவன் கேட்ட முதல் கேள்வி, "மால நான் அங்கனயே வாங்கிக்கிறதா, இங்கருந்து கொண்டாரதா?"

எங்கள் வழக்கத்தில் தாய்மாமன்தான் பெண்ணுக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மணையில் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும். அவன் வராமல் பெண் மணை ஏறினால் நாதியற்ற வீட்டுப் பெண் என்று அர்த்தம். என் கணவர் சென்னைக்காரர். தாய்மாமன் என்றால் போட்டோவில் ஓரமாக நிற்பவர் என்று நினைப்பவர். அவருக்கு இதன் கனம் தெரியாது. எனக்குத் தெரியும், தம்பிக்குத் தெரியும். அவன் வாழ்நாளில் முதல் தடவையாகப் பாஸ்போர்ட் எடுத்தான். விசாவுக்குத் தை மாதமே எழுதிப் போட்டோம்.

4

மறுத்துவிட்டார்கள். காரணம், விண்ணப்பதாரர் ஏற்கெனவே ஒரு முறை இங்கே வந்து, அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கியதால் திருப்பி அனுப்பப்பட்டவர்.

போனில் படித்துக் காட்டியபோது தம்பி இன்னொரு தடவை படிக்கச் சொன்னான். பிறகு, "அக்கா, நான் கோயம்புத்தூரையே தாண்டுனதில்லயே" என்றான்.

"எனக்குத் தெரியாதாடா?"

"அப்ப எவன் போனான்?"

கேட்டவுடன் அவனுக்கே பதில் தெரிந்துவிட்டது. "ஏக்கா, நம்ம தகரவீட்டான்! ஓட்டல்ல சமைக்கப் போறேன்னு நீ இருக்குற நாட்டுக்குத்தான போனான்? கெடு முடிஞ்சு போலீஸ் பிடிச்சு அனுப்பிவிட்டாகள்ல. இப்பத் தாண்டிக்குடில காப்பித் தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுறான்."

தகரவீட்டு வேலுவின் முழுப்பெயர் குழந்தைவேலு ராசு. என் தம்பி குழந்தைவேலு ராமசாமி. இருவரும் ஒரே வருடம் பள்ளியில் சேர்ந்தவர்கள். பிறந்த தேதியைத் தலைமையாசிரியர் இருவருக்கும் ஒன்றாகவே போட்டிருக்கிறார், ஊரும் ஒன்று. ஆனாலும் அப்பா பெயர் வேறுதானே? ராசுவும் ராமசாமியும் எப்படி ஒன்றாவார்கள்? அது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

5

இங்கே நாங்கள் இருக்கும் நகரத்துக் குடியேற்ற அலுவலகத்துக்குப் போனேன். அழைத்தவள் நான் என்பதால் எனக்கு ஒரு முன்பதிவு கொடுத்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் என் வயதுக்காரி. மரியாதையானவர், நிதானமானவர். கத்துகிற ஆளாக இருந்திருந்தால் நானும் திருப்பிக் கத்திவிட்டாவது வந்திருப்பேன்.

"உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் இருவரும் ஒரே நபர் என்று கணினி காட்டுகிறது" என்றார்.

"இருவருடைய அப்பாக்களும் வேறு வேறு."

"நீங்களே பாருங்கள்" என்று இரக்கப்பட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். அவர் செய்திருக்கக் கூடாத காரியம் அது.

திரையில் தேடல் கட்டத்தில் தம்பியின் பெயர் இருந்தது. குழந்தைவேலு என்று பதினான்கு எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு அப்பா பெயரின் முதல் எழுத்து மட்டும். அதோடு வெட்டு. கீழே கண்டெடுத்த பழைய பதிவிலும் அதே மாதிரி, அதே இடத்தில் வெட்டு. எண்ணிப் பார்க்கவே தேவைப்படவில்லை. பதினாறு.

இரண்டு ஸ்ட்ரிங்குகளை ஒப்பிடும் ஃபங்ஷன்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, இரண்டும் முடியும்வரை ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துக்கொண்டே போகும். இன்னொன்றுக்கு மூன்றாவதாக ஓர் எண்ணையும் கொடுப்போம், அத்தனை எழுத்து மட்டும் பார்த்தால் போதும் என்று. அந்த எண்ணுக்குள் வித்தியாசம் இல்லை என்றால் இரண்டும் ஒன்றுதான் என்று அது பூஜ்யத்தைத் திருப்பித் தரும். ஃபங்ஷன் மேல் தப்பில்லை. சொன்னதைச் செய்தது. அந்த எண்ணை யாரோ ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் ஊரில் பெயர்கள் ஆறேழு எழுத்தில் முடிந்துவிடும் போலும், பதினாறு தாராளம் என்று நினைத்திருப்பார்.

அந்தப் புரோகிராம் நான் எழுதியதில்லை, எங்கள் கம்பெனி செய்ததுமில்லை. என்னுடையதாக இருந்திருந்தால் ஒரு காலை நேரத்தில் திருத்தி, மதியம் சோதித்து, சாயங்காலம் தம்பிக்குப் போன் செய்திருப்பேன். இந்த உலகத்தில் எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே வேலை அதுதான். அந்த வேலையில் இன்னொருவன் செய்த பிழை என் கண்ணுக்கு எதிரே நிற்கிறது, தொட முடியவில்லை.

மேசைக்காரப் பெண்ணுக்கு விளக்கினேன். ஒரு தாளில் இரண்டு பெயர்களையும் எழுதி, பதினாறாவது எழுத்துக்குப் பின் கோடு போட்டுக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் எனக்குத் திருத்தும் அதிகாரம் இல்லை. மேல்முறையீடு செய்யுங்கள்" என்றார்.

"எவ்வளவு நாள் ஆகும்?"

"மாதங்கள் ஆகலாம்."

"சித்திரையில் கல்யாணம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அதற்கு மேல் இந்த நாட்டு மொழி வாயில் வரவில்லை. "அவன் தாய்மாமன்ங்க, அவன் வராம எப்படிங்க நடத்துறது?" என்று கண்ணீரோடு தமிழில் பேசிக்கொண்டே போனேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு முடியும்வரை கேட்டார். பிறகு ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினார்.

6

தம்பி சும்மா இருக்கவில்லை. தாண்டிக்குடிக்குப் போய்த் தகரவீட்டு வேலுவைக் கண்டுபிடித்து, அவனையும் அழைத்துக்கொண்டு சென்னைக்கு ரயில் ஏறிவிட்டான். இருவரும் சேர்ந்து விசா மையத்தில் போய் நின்றால் விஷயம் முடிந்தது என்பது அவன் கணக்கு. எங்கள் ஊரில் எந்த வழக்கும் அப்படித்தான் தீரும். ஆளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பஞ்சாயத்தில் நிறுத்தினால் மறுபேச்சுக் கிடையாது.

"வெள்ளனே போயி வாசல்ல நின்னோம்க்கா" என்றான் போனில். "எனக்கு மட்டுந்தான் முன்பதிவு இருக்கு, அவன் உள்ள வரக்கூடாதுன்னு செக்யூரிட்டி மறிச்சுட்டாரு. ஐயா, இவன் வேற நான் வேறன்னு காட்டத்தான் கூட்டியாந்தேன்னு சொன்னா, ஒரு முன்பதிவுக்கு ஒரு ஆளுதாங்குறாரு. நான் மட்டும் உள்ள போனேன். கண்ணாடிக்கு அங்கிட்டு இருந்த பொண்ணு, நீங்க வேற ஆளுன்னா அந்த ஆளு எங்கன்னு கேக்குது. வாசல்ல நிக்கிறாம்மான்னேன். அப்படியெல்லாம் பாக்க முடியாது, எழுதிக் குடுங்கன்னுட்டுச்சு."

"வெரல் ரேகை எடுத்தாங்களே, அத ஒத்துப் பாக்கச் சொன்னியாடா?"

"கேட்டேனே. அவன் போன காலத்துல ரேகை எடுக்குற வழக்கமே இல்லையாம்."

தகரவீட்டான் பின்னாலிருந்து போனை வாங்கினான். "அக்கா, என்னாலதான் இம்புட்டும். மன்னிச்சுக்கங்க" என்றான். அவன் மேல் எனக்கு என்ன கோபம்? ஓட்டலில் பாத்திரம் கழுவிவிட்டு, ஊருக்கு எப்படி வெறுங்கையோடு போவது என்று இரண்டு மாதம் அதிகம் தங்கிவிட்டான். அவனும் அதற்கு அனுபவித்துவிட்டான். "உன்மேல ஒரு தப்பும் இல்லப்பா, ஊருக்குப் போய்ச் சேருங்க" என்றேன்.

நான் மேல்முறையீடு எழுதினேன். பள்ளிச் சான்று, கிராம நிர்வாக அலுவலர் சான்று, இரண்டு பேருடைய ஆதார், எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பு. கூடவே ஒரு தொழில்நுட்பக் குறிப்பும் வைத்தேன், ஃபங்ஷன் எங்கே பார்ப்பதை நிறுத்துகிறது, அதை எப்படி மாற்றுவது என்று. ஊழியம் இலவசம். பதில் வரவில்லை.

அந்த வாரங்களில் அலுவலகத்தில் ஒரு புது இயந்திரத்துக்கு ஒப்பிடும் ஃபங்ஷன் எழுதிக்கொண்டிருந்தேன். பெயரை வெட்ட வேண்டி வந்தால், வெட்டினேன் என்று தன்னைக் கூப்பிட்ட புரோகிராமுக்கு அது சொல்லிவிட வேண்டும் என்று அதில் எழுதினேன். இது எதற்கு, மெமரிதான் வீண் என்றார் மேலாளர். அன்று அவரிடம் நான் பேசிய பேச்சுக்குப் பிறகு அந்த வரிகளை யாரும் தொடவில்லை.

7

கல்யாணம் நடந்தது. நன்றாகவே நடந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

"வீடியோவில் மாமா இருப்பாரே அம்மா, பெரிய திரை வைக்கலாம்" என்று நிலா முதலிலேயே சொல்லியிருந்தாள். அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. திரை எழுந்து வந்து கையைப் பிடிக்குமா என்று கத்தினேன். அவளுக்கு நான் ஏன் கத்துகிறேன் என்றே புரியவில்லை. புரியும்படி நான் அவளை வளர்க்கவில்லையோ என்னவோ, அதை இப்போது பேசி என்ன பயன்.

தம்பி திரைக்கு வர மறுத்துவிட்டான். "போன்ல மால போடுறதுக்கு நான் என்ன சினிமாக்காரனா? நீ நடத்துக்கா" என்று வைத்துவிட்டான். மாப்பிள்ளையின் சித்தப்பா, ஆறடி உயரம், பட்டு வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட் கட்டியவர், நல்ல மனதோடு முன்வந்து நிலாவுக்கு மாலை போட்டு மணைக்கு அழைத்து வந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

8

கல்யாணம் முடிந்து இரண்டே வாரத்தில் மேல்முறையீட்டுக்குப் பதில் வந்தது. இருவரும் வெவ்வேறு நபர்கள் என்று ஏற்கப்படுகிறது, பதிவு திருத்தப்பட்டது, விண்ணப்பதாரர் எப்போது வேண்டுமானாலும் புதிதாக விண்ணப்பிக்கலாம். சிரமத்துக்கு வருந்துவதாகவும் ஒரு வரி இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நிலாவும் மாப்பிள்ளையும் சாப்பிட வந்திருந்தார்கள். கடிதத்தைக் காட்டியதும் அவள் துள்ளிக் குதித்தாள். "இப்போதே மாமாவைக் கூப்பிடு, கோடைக்கு வரச்சொல்!" என்றாள். ஸ்பீக்கரில் போட்டேன். தம்பி காட்டில் இருந்தான், காற்றுச் சத்தம் கேட்டது.

"மாமா, நல்லா இருக்கியா?" என்று நிலா கத்தினாள்.

"நல்லா இருக்கேன்டா தங்கம்" என்றான்.

நான் விஷயத்தைச் சொன்னேன்.

"திருத்திட்டாங்களா? நல்லது. தகரவீட்டான்கிட்டச் சொல்லிர்றேன், பாவம், அவனும் அலைஞ்சான்."

"அப்ப எப்படா வர்ற?"

"எதுக்குக்கா?"

"எதுக்கா? எங்களப் பாக்க."

"புள்ளையக் கைபிடிச்சு மணையில உக்கார வைக்கத்தான் நான் அங்க வேணும். அது முடிஞ்சிருச்சு. இனிமே அங்கன எனக்கு என்ன சோலி?"

"ஏலே, அப்படிப் பேசாதடா. அந்தப் பதினாறு எழுத்து மட்டும் இல்லன்னா..."

"ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கிறாத. கல்யாணத்த நம்ம கோயில்ல வச்சிருந்தா எந்தக் கம்ப்யூட்டரு என்னைய மறிச்சிருக்கும்? ஒங்க யாருக்கும் இங்கன வரத் தட இல்லயே. பதினாறு எழுத்து, பதினாறு எழுத்துன்னு மாசக்கணக்கா எங்கிட்டப் பேசுன. இத ஒரு வார்த்த பேசலயேக்கா நீ."

போனை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"இனிமே பேப்பரு எதுவும் அனுப்பாத. நான் வரமாட்டேன். தண்ணி பாயுது, மட திருப்பணும், வைக்கிறேன்."

நிலா மேசைக்கு எதிரே உட்கார்ந்து முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணம், கோயில், கம்ப்யூட்டர் என்று அவளுக்குத் தெரிந்த வார்த்தைகள் நிறைய வந்தன அல்லவா.

"மாமா என்ன சொன்னார்?" என்றாள்.

"ரொம்பச் சந்தோஷமாம். அடுத்த வருடம் வருகிறாராம்" என்றேன்.

அவள் உடனே திரும்பி அதைக் கணவனுக்கு அவன் மொழியில் சொன்னாள். மாமாவுக்கு எந்த அறையைக் கொடுப்பது என்று இருவரும் பேச ஆரம்பித்தார்கள்.